பன்னிரண்டு குழாய்களில் இரண்டு

ஜூலை 21

தாஜோங்கின் அப்பாவுக்கு மல்சுன் எழுதுவது.

நானும் மகளும் சுகம். மே மாதம் நீங்கள் எழுதியது போன வாரம்தான் கம்பெனி அலுவலகத்திலிருந்து வந்து சேர்ந்தது. நடுக்கடலில் உங்களிடம் மீன் ஏற்ற வரும் கப்பலில்தான் இதுவும் வரவேண்டும் என்பதால், நீங்கள் படிக்கும்போது இங்கே மழை முடிந்திருக்கும். உங்கள் வலது கட்டைவிரலுக்கு என்ன ஆயிற்று? தூண்டில் கிழித்ததை எழுதாமல் விட்டால் எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்களா? எழுத்தெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறதே.

ஆற்றைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அணைக்கதவுகளை மூடி இது மூன்றாவது கோடை. நம் படகுத்துறையிலிருந்து நடு ஆறு வரை பச்சைப் பாசி கஞ்சி மாதிரி கிடக்கிறது. தாக் அண்ணன் ஜூன் கடைசியில் வலை போட்டார். மூன்று கெண்டை, ஒரு வாளி பாசி. "மீனைப் பாசியில இருந்து பொறுக்கி எடுக்கவேண்டியதாப் போச்சும்மா" என்று சொல்லிவிட்டு வலையை அலசாமலே போட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் வலையை அலசாமல் போட்டு நான் பார்த்ததில்லை.

நவம்பர் கடைசிக்குள் கம்பெனிக்குப் பதில் சொல்லவேண்டும், கதவு திறந்தால் ஊர் திரும்புவேன், இல்லாவிட்டால் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடுவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். கதவைப் பற்றி முடிவெடுக்கும் கூட்டம் அக்டோபர் 20 அன்று. கோடையில் கதவைத் திறந்துவிட வேண்டும் என்று நம் மீனவர் சங்கம். திறந்தால் நிலத்தடி நீர் இறங்கிவிடும், முலாம்பழக் கூடாரங்கள் காய்ந்துவிடும் என்று குவாக் தலைவரும் அவருடைய விவசாயிகளும்.

முடிவு யார் கையில் இருக்கிறது தெரியுமா? நம் தம்பி கையில். ஆற்றடிச் சேற்றைச் சோதிக்கும் வேலையை ஆராய்ச்சி நிலையம் இன்கூவிடம் கொடுத்திருக்கிறது. இந்த ஊர்க்காரர் என்பதால்தான் கொடுத்தார்களாம். பாசிக்குத் தீனி பாஸ்பரஸ். வருடக்கணக்காக வயலிலிருந்தும் பன்றிப் பண்ணைகளிலிருந்தும் வந்து சேர்ந்தது அடிச்சேற்றில் ஒட்டிக் கிடக்கிறதாம். தம்பி என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தண்ணி ஓடுற வரைக்கும் சேறு அதைப் பிடிச்சு வச்சிக்கும் அண்ணி. தண்ணி நின்னுபோச்சுன்னா கையை விட்டுடும். நிஜமாவே விடுதா, எவ்வளவு விடுதுன்னு அளந்து காட்டணும். விடுதுன்னு எண் சொல்லிட்டா, கதவைத் திறந்துதான் ஆகணும்."

அணைக்கு மேலே பன்னிரண்டு இடங்களில் கண்ணாடி போன்ற நீளக் குழாயை இறக்கி, சேற்றையும் அதன் மேல் நின்ற தண்ணீரையும் கலங்காமல் அப்படியே எடுத்து வந்தார். நகரத்து ஆய்வுக்கூடம் வரை லாரியில் போனால் குலுங்கிவிடும் என்பதால், நம் வீட்டுப் பின்புறம் சோயா ஊறும் ஜாடிகளை வைத்திருக்கும் ஜாடிப் படியில் ரப்பர் தொட்டிகளை வைத்து, கிணற்றுத் தண்ணீர் நிரப்பி, குழாய்களை அதில் நிறுத்தியிருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் ரப்பர் மூடி, மேலே கறுப்புத் துணி. வாரத்தில் இரண்டு நாள் சாயங்காலம் வந்து ஊசியால் கொஞ்சம் தண்ணீர் எடுக்கிறார். ஒரு சிலிண்டரிலிருந்து ஏதோ வாயுவை உள்ளே ஊதிவிட்டு மூடுகிறார். எதற்கு என்று கேட்டால், "ஆத்தடியில இருக்கிற மாதிரியே இருக்கணும் அண்ணி" என்கிறார்.

போகும்போது சிரித்துக்கொண்டே, "உங்க சோயா ஜாடி மாதிரி நினைச்சுப் பார்த்துக்கோங்க. இதுலதான் அண்ணன் ஊருக்கு வர டிக்கெட் இருக்கு" என்றார். சொல்லவா வேண்டும்? இந்தக் கோடையில் ஜாடிப் படியில் எனக்கு வேலை இரட்டிப்பு. காலை வெயில் ஏறியதும் மூடிகளைத் திறக்கிறேன், மேலே நுரை கட்டினால் வழித்து எடுக்கிறேன், துடைக்கிறேன், மாலை ஆவதற்குள் மூடுகிறேன். இந்த வருடச் சோயாவின் நிறம் உங்களுக்குப் பிடிக்கும்.

விரலை உப்புத் தண்ணீரில் நனைக்காதீர்கள்.

மல்சுன்


செப்டம்பர் 30

தாஜோங்கின் அப்பாவுக்கு,

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் கேட்பதைவிட நான் எழுதுவது நல்லது.

ஆகஸ்ட் கடைசியில் உங்கள் தம்பியின் எண்கள் வந்தன. சேறு பாஸ்பரஸை விடவில்லையாம். பன்னிரண்டு குழாய்களில் பத்தில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. இரண்டில் மட்டும் மிக அதிகம். முலாம்பழக்காரர்கள் அன்று சாயங்காலமே பன்றி வறுத்தார்கள். வாசனை நம் வீடு வரை வந்தது.

நான் படித்தவள் இல்லை. ஆனால் எனக்குக் கண் இருக்கிறது, மூக்கும் இருக்கிறது. அந்தக் குழாய்கள் வந்த அன்று அழுகின முட்டை நாற்றம் அடித்தது. அந்த ஆறு ஒன்றையும் வெளியே விடவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்?

தாக் அண்ணன் நம்பவில்லை. சங்கக் கொட்டகையில் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "பன்னிரண்டையும் மாத்தணும்னு சொல்லிக் கொடுத்திருப்பாங்க. பத்தை மாத்தினான், ரெண்டை மறந்துட்டான். சின்ன வயசுலயே அவன் கணக்குல மட்டம்." எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, எழுந்தும் போகவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் படத் தொடங்கியது. ஆகஸ்ட் 12 அன்று பாலத்துக்குப் பக்கத்துக் கடையில் உங்கள் தம்பியும் குவாக் தலைவரும் எதிரெதிரே உட்கார்ந்து விலாங்கு சாப்பிட்டதை நானே பார்த்தேன். பஸ்ஸிலிருந்து பார்த்தேன், ஆனால் தெளிவாகப் பார்த்தேன். ஒரு வாரம் கழித்து அவர் வண்டியின் பின் இருக்கையில் முலாம்பழப் பெட்டி, குவாக் தோட்டத்து முத்திரையோடு. எனக்கு இரண்டு பழம் எடுத்துக் கொடுக்கக்கூடச் செய்தார். நான் வாங்கி, பக்கத்து வீட்டு நாய்க்குப் போட்டேன்.

இன்னொன்றும் உண்டு. எண்கள் வருவதற்கு முன் ஒரு நாள் குழாய்களைக் குனிந்து குனிந்து பார்த்தார். சேற்றின் மேல் துருப்போலச் செம்பழுப்பு நிறத்தில் ஒரு மெல்லிய படலம் இருந்தது. பிறகு என்னிடம், "அண்ணி, யாராவது இதைத் தொட்டாங்களா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. "என் வீட்டுல, என் ஜாடிப் படியில, யாரு வந்து தொடுவா? பூனைகூட அந்தப் பக்கம் வராது" என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். இப்போது யோசித்தால், பழியைப் போட யாரையோ தேடியிருக்கிறார் என்று தோன்றுகிறது. ஆராய்ச்சி நிலையம் மறுபடி ஒரு முறை செய்யச் சொன்னதால் செப்டம்பரில் புதிதாகப் பன்னிரண்டு குழாய்களை அதே எண்களோடு ஜாடிப் படியில் அதே இடங்களில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் முகத்துக்காக இல்லை, வாக்குக் கொடுத்ததற்காக அவற்றையும் முன்போலவே பார்த்துக்கொள்கிறேன்.

செப்டம்பர் 10 அன்று சங்கம் ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒரு புகார் எழுதியது. எண்கள் திருத்தப்பட்டிருக்கின்றன, விசாரிக்கவேண்டும் என்று. உறுப்பினர்கள் எல்லோரும் கையெழுத்துக்குப் பதிலாகத் தங்கள் பெயர் முத்திரையை வைக்கவேண்டும். நம் வீட்டிலிருந்து நீங்கள்தான் உறுப்பினர். தாக் அண்ணன் காகிதத்தோடு வாசலில் நின்றார். "உன்னை வற்புறுத்தலம்மா. ஆனா சாங்கூ இங்க இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பான்னு யோசிச்சுக்கோ" என்றார். அலமாரியிலிருந்து உங்கள் முத்திரையை எடுத்தேன். சிவப்பு மையில் தொட்டு, உங்கள் பெயருக்குப் பக்கத்தில் அழுத்தினேன். நீங்கள் இங்கே இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று யோசித்தேனா என்று கேட்டால், யோசிக்கவில்லை. நீங்கள் இங்கே இல்லை என்பதை மட்டும்தான் யோசித்தேன்.

உங்கள் தம்பியை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விசாரணை நடக்கிறது.

அப்படி இருந்தும் அறுவடைப் பண்டிகை அன்று காலையில் வந்துவிட்டார். நீங்கள் இல்லாததால் முன்னோர்களுக்குக் கள் ஊற்றிக் கும்பிட அவர்தானே இருக்கிறார். கிண்ணத்தைக் கையில் எடுத்தார். சித்தப்பா வீட்டார், அத்தை, பிள்ளைகள் எல்லோரும் பின்னால் நிற்கிறார்கள். என் வாயிலிருந்து வந்துவிட்டது: "ஆத்தை வித்த கையால ஊத்தினா மாமனார் குடிப்பாரா?"

உங்கள் தம்பி கிண்ணத்தைப் படையல் மேசையில் அப்படியே வைத்தார். கள் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அரிசிப் பிறைக் கொழுக்கட்டை, அவருக்கென்று எள் பூரணம் வைத்துப் பிடித்தது, நாலு நாளாகக் குளிர்பெட்டியில் கல்லாகக் கிடக்கிறது.

தாஜோங் என்னோடு பேசுவதில்லை. "சித்தப்பா அப்படிப்பட்டவர் இல்ல. உனக்கும் தெரியும்" என்றாள். எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமானால் எழுதுங்கள்.

மல்சுன்


அக்டோபர் 22

தாஜோங்கின் அப்பாவுக்கு,

கப்பல் 25ஆம் தேதி பூசானிலிருந்து கிளம்புகிறது, நவம்பர் நடுவில் உங்களிடம் சேரும் என்று கம்பெனிப் பெண் சொன்னாள். முந்தைய கடிதமும் இதே கப்பலில்தான் வருகிறதாம். இரண்டும் சேர்ந்து வந்தால், அதை முதலில் படியுங்கள். கிழித்துப் போடலாம் என்று கேட்டுப் பார்த்தேன்; பை கட்டியாகிவிட்டது, தர முடியாது என்றாள். கிழிக்காமல் இருப்பதும் சரிதான்.

புகாரை விசாரிக்க ஆராய்ச்சி நிலையத்திலிருந்து யோம் என்று ஒரு அம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும், மழைக்காலணி போட்டிருந்தார். 8ஆம் தேதி பத்து மணிக்கு வருவதாகச் சொன்னவர் எட்டரைக்கே வந்துவிட்டார். முன்கூட்டி வந்தால்தான் உண்மை தெரியும் என்று நினைத்திருப்பார். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

நான் ஜாடிப் படியில் இருந்தேன். நல்ல வெயில். சோயா ஜாடிகளைத் திறந்துவிட்டு, வரிசையாகக் குழாய்களின் மூடிகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஏழாவது குழாய்க்கு வந்தபோது, "அம்மா, என்ன பண்றீங்க?" என்றார்.

"காத்து காட்டுறேன்" என்றேன். கொஞ்சம் பெருமையாகக்கூடச் சொன்னேன். நாற்றம் போகவேண்டாமா, காற்றும் வெயிலும் படாமல் எந்த ஜாடி உருப்பட்டிருக்கிறது, அதையும் சொன்னேன்.

"தினமும் திறக்கிறீங்களா?"

"மழை இல்லாத நாளெல்லாம். ஜூலையில இருந்து. சாயங்காலம் மூடிடுவேன்."

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். படி ஈரமாக இருந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. "எல்லாத்தையுமா?" என்று கேட்டார்.

"அதோ அந்த ரெண்டைத் தவிர. பெரிய ஜாடிக்குப் பின்னால மாட்டிக்கிச்சு, எனக்குக் கை எட்டாது."

பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். பெரிய ஜாடிக்குப் பின்னாலிருந்த குழாய்களின் எண்களைக் குனிந்து பார்த்தார். பதினொன்று, பன்னிரண்டு. காகிதத்தில் அதிகமாக வந்திருந்தவையும் அதே பதினொன்றும் பன்னிரண்டும்தான். மறுபடி பார்த்தார். பிறகு அந்தக் காகிதத்தை என்னிடம் நீட்டினார், நான்தான் சரிபார்க்கவேண்டும் என்பதுபோல.

அவர் விளக்கியதை உங்களுக்குப் புரியும்படி எழுதுகிறேன். சேற்றில் இரும்பு இருக்கிறது. காற்று பட்டால் அது துருவாக இருக்கும், துரு பாஸ்பரஸை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். காற்றுப் போகாமல் தண்ணீர் தேங்கினால் துரு கரைந்துவிடும், பிடித்ததையெல்லாம் விட்டுவிடும். கதவு மூடிய ஆற்றின் அடியில் நடப்பது அதுதான். தம்பி அந்தச் சிலிண்டர் வாயுவை ஊதியது குழாய்க்குள் இருக்கும் காற்றை விரட்டத்தான். அவர் விரட்டிவிட்டுப் போவார், நான் மறுநாள் காலையில் மூடியைத் திறந்து உள்ளே விடுவேன். நுரை வழிக்கிறேன் என்று கரண்டியால் அலம்பி வேறு விடுவேன். நான் பார்த்த செம்பழுப்புப் படலம் அந்தத் துருதான். பத்துக் குழாய்ச் சேற்றையும் கையை விடாமல் பிடித்துக்கொள்ள வைத்தது நான்தான்.

"அப்ப ஆறு?" என்று கேட்டேன்.

"உங்க கை எட்டாத அந்த ரெண்டு குழாயும்தாம்மா ஆறு" என்றார்.

யோம் அம்மா இன்னொன்றும் சொன்னார். எண்கள் வந்தபோது, விலகி நிற்கும் அந்த இரண்டையும் நீக்கிவிடு, அறிக்கை சீராக இருக்கும் என்று மேலதிகாரி தம்பியிடம் சொல்லியிருக்கிறார். தம்பி சண்டை போட்டு அவற்றை வைத்திருக்கிறார். காரணம் தெரியாமல் எடுக்கமாட்டேன் என்று. அந்த இரண்டு எண்களை வைத்துத்தான் நாம் அவரைத் திருடன் என்றோம். குவாக் தலைவரைப் பார்க்கப் போனது அவர்களுடைய கிணறுகளின் நீர்மட்டக் குறிப்புகளைக் கேட்க. விலாங்குக்கு அவரவர் பங்கை அவரவர் கொடுத்தார்களாம், கடைக்காரி சொன்னாள். முலாம்பழப் பெட்டி எதற்கு என்று யாரிடமும் கேட்கவில்லை. இனி எனக்கு அது தெரியவேண்டியதில்லை.

யோம் அம்மா தானே அறிக்கை எழுதிக்கொள்வதாகவும் நான் கூட்டத்துக்கு வரத் தேவையில்லை என்றும் சொன்னார். ஆனால் பழி சொன்னது நான், முத்திரை வைத்தது நான். 20ஆம் தேதி போனேன். கூடம் நிறைந்திருந்தது. மைக்கைக் கையில் வாங்கி, மூடி திறந்ததைச் சொன்னேன். முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு முலாம்பழக்காரர் வரிசையிலிருந்து ஒரு பெண், "ஐயோ, நானா இருந்தாலும் திறந்திருப்பேனே" என்றாள். கூடம் முழுக்கச் சிரித்தது. நம் பக்கமும் சிரித்தது, அவர்கள் பக்கமும் சிரித்தது. மூன்று வருடத்தில் இரண்டு பக்கமும் சேர்ந்து சிரித்தது அன்றுதான். நான் மேடையில் நின்றுகொண்டிருந்தேன்.

புகாரிலிருந்து உங்கள் பெயரை எடுத்துக்கொள்வதாகவும் சொன்னேன். தாக் அண்ணன் எழுந்து, "எல்லார் பேரையும் எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்தார்.

முடிவு இதுதான். பத்துக் குழாய்களின் எண்களும் செல்லாது. மிச்சமிருக்கும் இரண்டை மட்டும் வைத்துக் கதவைத் திறக்கமுடியாது. அடுத்த கோடையில் நகரத்து ஆய்வுக்கூடத்தில் மறுபடி சோதனை. அதுவரை கதவு மூடித்தான் இருக்கும். தம்பிக்கு வேலை திரும்பக் கிடைத்துவிட்டது, ஆனால் இந்த ஆற்றுச் சோதனை வேறு ஒருவரிடம் போகிறது.

நீங்கள் வருவதற்கு வழி செய்ய வேண்டியதை ஜூலையிலிருந்து தினமும் காலையில் என் கையால் கெடுத்திருக்கிறேன். இதை எப்படி எழுதினாலும் இப்படித்தான் வருகிறது.

நேற்றுச் சாயங்காலம் தம்பி தொட்டிகளை எடுத்துப் போக வந்தார். சோயா விழுதுக் குழம்பு வைத்தேன். இரண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டார். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்ததும், "என் தப்புதான் அண்ணி. 'ஜாடி மாதிரி பார்த்துக்கோங்க'ன்னு உங்ககிட்ட போய்ச் சொன்னேனே, என்னைச் சொல்லணும். அடுத்த தடவை பூட்டுப் போடுறேன்" என்றார். தாஜோங் சிரித்தாள். அன்றைக்கு ஊற்றவிடாத அதே கிண்ணத்தைத் துடைத்து, கள் ஊற்றி அவர் முன்னால் வைத்தேன். பார்த்துக்கொண்டே இருந்தார். எடுத்துக்கொண்டு போய் மாமனார் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார். திரும்பி வந்து, வெறுங்கிண்ணம் ஒன்றைத் தன் இடத்தில் கவிழ்த்து வைத்தார். "அண்ணன் வந்து நிமிர்த்தட்டும், அப்ப குடிக்கிறேன்" என்றார். அந்தக் கிண்ணம் இன்னும் கவிழ்ந்தபடியே மேசையில் இருக்கிறது. நான் எடுக்கவில்லை.

இந்த உறைக்குள் பட்டுத்துணியில் சுற்றி உங்கள் முத்திரையை வைத்திருக்கிறேன். விளிம்பில் இருந்த சிவப்பு மையைத் துடைத்தேன், முழுக்கப் போகவில்லை. இது உங்களிடம்தான் இருக்கவேண்டும். கம்பெனிக் காகிதம் வரும்போது அழுத்துவதா வேண்டாமா என்று நான் சொல்லமாட்டேன். கதவு மூடித்தான் இருக்கிறது, ஆற்றில் மீன் இல்லை, வந்தால் என்ன செய்வோம் என்று எனக்கும் தெரியாது. இவ்வளவும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

இங்கே பகல் குறுகிவிட்டது. ஜாடி மூடிகளை ஒன்பதுக்குத் திறந்து நாலுக்கே மூடிவிடுகிறேன். சோயா நன்றாக ஊறிவிட்டது, இன்னும் வடிக்கவில்லை. நீங்கள் ருசி பார்க்காமல் நான் வடித்ததில்லை. மார்ச் வரை தாங்கும். அதற்கு மேல் கறுத்துவிடும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். விரல் ஆறியிருக்கட்டும்.

மல்சுன்